மகள் பென்சில் பெட்டியில் கொண்டுவந்த நத்தை: வீட்டில் வைத்திருக்கலாமா?

கேள்வி
எழுதியவர்: மழைமுகில்

வணக்கம். எனக்கு முற்றிலும் பழக்கமில்லாத ஒரு விஷயத்தில் உங்கள் அனுபவத்தை நாடி இதை எழுதுகிறேன்.

என் மகளுக்கு ஆறு வயது. நேற்று மாலை பள்ளி விட்டு வந்தவள், வழக்கம்போல் புத்தகப்பையைத் தரையில் போடாமல், இரு கைகளாலும் ஏந்திவந்து மேசைமீது வைத்தாள். திறந்து பார்த்தால் பென்சில்களும் அழிப்பான்களும் பையின் அடியில் சிதறிக் கிடந்தன. பென்சில் பெட்டிக்குள் இரண்டு ஈர இலைகளும், அவற்றுக்கு நடுவே ஓட்டுக்குள் ஒடுங்கிய ஒரு நத்தையும் இருந்தன. மழை நின்றபின் பள்ளிச் சுவரோரமாக அது ஊர்ந்துகொண்டிருந்ததாகவும், மற்ற பிள்ளைகள் தெரியாமல் மிதித்துவிடுவார்களோ என்று பயந்து எடுத்துவந்ததாகவும் சொன்னாள். வீடு வந்து சேர்வதற்குள் அதற்குச் "சுழலி" என்று பெயரும் வைத்துவிட்டிருந்தாள்.

நாய், பூனை, மீன் ஆகியவற்றை வளர்ப்பது எப்படி என்று சொல்லித்தர எல்லோரும் இருக்கிறார்கள். நத்தையைப் பற்றி, உப்புப் பட்டால் இறந்துவிடும் என்பதைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது. இப்போதைக்கு ஓர் அகன்ற கண்ணாடிச் சீசாவில் இலைகளோடு விட்டு, மூடியில் சிறு துளைகள் இட்டு வைத்திருக்கிறேன். இரவு உறங்கும் முன் மகள் மூன்று முறை எழுந்துவந்து அதைப் பார்த்தாள். மூன்றாவது முறை வந்தபோது அது ஓட்டைவிட்டு வெளியே வந்து கண்ணாடியில் ஏறிக்கொண்டிருந்தது. அதைக் கண்ட அவளுடைய முகத்தை நான் எளிதில் மறக்க மாட்டேன்.

ஆயினும் எனக்கு மனம் அமைதியாக இல்லை. நத்தையால் குழந்தைக்கு நோய் ஏதேனும் வருமா என்பது முதல் கவலை. அறியாமையால் நாங்களே அந்த உயிரைக் கொன்றுவிடுவோமோ என்பது இரண்டாவது. திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும் என்றால், காப்பாற்றுவதற்காகவே எடுத்துவந்ததாக நம்பும் ஒரு குழந்தையிடம் அதை எப்படிச் சொல்வது என்பதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய கவலையாக இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில்
எழுதியவர்: வேர்க்கால்

வணக்கம் சகோதரி. பல ஆண்டுகள் தொடக்கப்பள்ளியில் அறிவியல் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பிள்ளைகள் கொண்டுவரும் உயிர்களில், சிறிது காலம் வைத்துப் பார்ப்பதற்கு நத்தை மிகவும் ஏற்றது. கடிக்காது, கொட்டாது, சத்தம் போடாது. ஒரு குழந்தை பொறுமையாகப் பார்த்தால் தன்னை முழுவதும் காட்டிவிடும்.

முதலில் இடத்தை மாற்றுங்கள். சீசாவுக்குள் காற்றோட்டம் போதாது. நீர் வியர்த்து, இலைகள் அழுகத் தொடங்கிவிடும். மூடி உள்ள ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டியை எடுத்து, மூடியிலும் மேற்பக்கவாட்டிலும் சிறு துளைகள் இடுங்கள். மூடி உறுதியாகப் பொருந்த வேண்டும், ஏனென்றால் நத்தை தன் எடையைவிட அதிகமானதையும் தள்ளிக்கொண்டு வெளியேறக்கூடியது. உள்ளே நான்கைந்து விரல் உயரத்துக்கு உரமோ பூச்சிமருந்தோ கலக்காத மண்ணையோ தேங்காய் நார்த்தூளையோ பரப்பி, கையில் எடுத்துப் பிடித்தால் உருண்டையாக நிற்கும், ஆனால் நீர் சொட்டாது என்ற அளவுக்கு ஈரப்படுத்துங்கள். பட்டுப்போன மரப்பட்டைத் துண்டு ஒன்றைச் சாய்த்து வைத்தால் பகலில் அதன் அடியில் ஒதுங்கிக்கொள்ளும். வெயில் நேரடியாக விழும் இடத்தில் பெட்டியை வைக்கக் கூடாது. மூடிய பெட்டி வெயிலில் சில நிமிடங்களிலேயே அடுப்பாகிவிடும். குழாய்நீரைத் தெளிப்பதாக இருந்தால், ஓர் இரவு திறந்த பாத்திரத்தில் வைத்திருந்து பிறகு தெளியுங்கள்.

உணவுக்கு வெள்ளரித் துண்டு, கேரட், கீரைவகை இலைகள் போதும். பூச்சிமருந்து படிந்திருக்கலாம் என்பதால் எதையும் நன்றாகக் கழுவிய பின்பே வைக்க வேண்டும். உப்பு சேர்ந்த எதுவும், சமைத்த உணவு எதுவும் கூடாது. நத்தையின் உடல் தோலால் மூடப்பட்ட ஈரப்பை போன்றது. உப்புப் பட்டவுடன் உடலின் நீர் வெளியே இழுக்கப்பட்டு, அது துடித்து இறக்கும். இவற்றோடு சுண்ணாம்புச் சத்தும் வேண்டும். அதன் ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனது; உணவில் அது குறைந்தால் ஓடு மெலிந்து உடையும். கொதிக்க வைத்து உலர்த்திப் பொடித்த முட்டை ஓட்டையோ கணவாய் மீனின் ஓட்டையோ ஒரு மூலையில் வைத்துவிட்டால், வேண்டிய அளவை அதுவே சுரண்டித் தின்றுகொள்ளும்.

தூக்கும் விதத்தையும் மகளுக்குக் கற்றுக்கொடுங்கள். ஒட்டியிருக்கும் நத்தையை ஓட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால், ஓட்டையும் உடலையும் இணைக்கும் பகுதி கிழிந்துபோகலாம். விரலை நீரில் நனைத்து அதன் தலைக்கு முன்னால் வைத்தால், தானே ஏறிவரும். மேசையின் உயரத்திலிருந்து கீழே விழுந்தாலும் ஓடு விரிசல் காணும் என்பதால், தரையில் அமர்ந்துதான் கையில் ஏந்த வேண்டும் என்று விதி வைத்துவிடுங்கள்.

இனி பார்க்க வேண்டியவை. ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் அதை ஊரவிட்டு, தகட்டைத் தூக்கிக் கீழிருந்து பாருங்கள். வாலிலிருந்து தலையை நோக்கி வரிசை வரிசையாக அலைகள் ஓடுவது தெரியும். அந்தத் தசையலைகளும் அது சுரக்கும் பசைநீருமே அதன் நடை. நீண்ட இரண்டு கொம்புகளின் நுனியில் இருக்கும் கரும்புள்ளிகள் கண்கள். கீழே உள்ள குட்டைக் கொம்புகள் இரண்டும் மோப்பத்துக்கும் தொடுதலுக்கும் உரியவை. ஓட்டின் விளிம்பில், வலப்பக்கம், ஒரு சிறு துளை திறந்து திறந்து மூடும், அது மூச்சுத்துளை. என் வகுப்பில் அந்தத் துளையை முதலில் கண்டுபிடித்த பிள்ளை, "சார், அதுக்கும் மூச்சு வாங்குது" என்று சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. கேரட் கொடுத்த மறுநாள் அதன் கழிவு ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், வெள்ளரி கொடுத்தால் வெளிர்பச்சையாக இருக்கும். அருவருப்பு காட்டாமல் இதையும் மகளுக்குக் காட்டுங்கள். உணவுக்கும் உடலுக்கும் உள்ள தொடர்பை இவ்வளவு தெளிவாகக் காட்டும் பாடம் வேறில்லை.

எத்தனை நாள் என்ற கேள்விக்கு என் பதில்: விருந்தும் மருந்தும் மூன்று நாள். இப்போதே அந்தச் சொல்லோடு தொடங்கிவிடுங்கள். "சுழலி நம் வீட்டுக்கு வந்த விருந்தாளி, இந்த நாளில் தன் வீட்டுக்குப் போகும்" என்று முதல் நாளே சொல்லி நாட்காட்டியில் குறித்துவிட்டால், பிரிவு திடீரென்று வந்து விழும் தண்டனையாகக் குழந்தைக்குத் தோன்றாது.

ஒரு கேள்வி. ஓட்டின் வடிவம் என்ன? உருண்டையா, நீண்டு கூம்பியதா? அளவையும் எழுதுங்கள். அதைப் பொறுத்து என் அறிவுரை அடியோடு மாறும்.


பதில்
எழுதியவர்: பன்னீர்ப்பூ

குழந்தைகள் பிரிவில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். முந்தைய பதில் அருமையானது. ஆனால் உங்களுடைய முதல் கவலைக்கு அதில் விடை இல்லை என்பதால் எழுதுகிறேன்.

நத்தைகளிடமிருந்து மனிதருக்கு வரக்கூடிய நோய்களில் கவனத்தில் கொள்ள வேண்டியது, எலி நுரையீரல் புழு எனப்படும் ஒட்டுண்ணியால் வருவது. முதிர்ந்த புழு எலியின் நுரையீரல் தமனிகளில் வாழ்கிறது. அதன் இளம்புழுக்கள் எலியின் கழிவோடு வெளியேறுகின்றன. அந்தக் கழிவைத் தின்னும் நத்தையின் உடலில் அவை அடுத்த பருவத்தை அடைகின்றன. அந்த நத்தையைப் பச்சையாகவோ சரியாக வேகாமலோ ஒருவர் விழுங்கினால், புழுக்கள் மூளையுறை வரை சென்று அழற்சியை உண்டாக்கக்கூடும். பெரியவர்கள் யாரும் பச்சை நத்தையைத் தின்னப் போவதில்லை. ஆனால் தவழும் குழந்தையோ, கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும் குழந்தையோ வீட்டில் இருந்தால் நிலைமை வேறு. உங்கள் மகளுக்குத் தம்பியோ தங்கையோ இருந்தால், பெட்டி அவர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும்.

ஆறு வயதுக் குழந்தைக்கு விதி எளிமையானது: தொட்டால் கழுவ வேண்டும், கழுவும் வரை முகத்துக்குக் கை போகக் கூடாது. சோப்புப் போட்டு, ஓடும் நீரில், குறைந்தது 20 நொடிகள். நத்தைக்கு முத்தம் கொடுக்கக் கூடாது. இதைத் தனியாகச் சொல்லக் காரணம், பிள்ளைகள் தாம் விரும்பியதற்கு முத்தம் கொடுப்பார்கள், அதை நாம் எதிர்பார்ப்பதில்லை. கையில் வெட்டுக்காயமோ சிரங்கோ இருந்தால் ஆறும் வரை தொட வேண்டாம். பெட்டியையும் அதன் மண்ணையும் சமையல் பாத்திரங்கள் கழுவும் தொட்டியில் கொட்டவோ கழுவவோ கூடாது. பென்சில் பெட்டியை இன்றே சோப்பு நீரில் நன்றாகக் கழுவி வெயிலில் காயவைத்துவிடுங்கள்; பென்சிலைக் கடிக்கும் பழக்கம் இருந்தால் பையில் கிடந்த பென்சில்களையும் கழுவுங்கள்.

தப்பித்தவறி நத்தையையோ அதன் துண்டையோ குழந்தை விழுங்கிவிட்டால், அறிகுறி வரட்டும் என்று காத்திராமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அறிகுறிகள் தோன்ற ஒன்று முதல் மூன்று வாரங்கள் ஆகலாம். கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, வாந்தி, தோலில் குத்துவது போன்ற உணர்வு ஆகியவை அவற்றில் முக்கியமானவை. நத்தையைத் தொட்ட செய்தியை மருத்துவரிடம் நாமாகவே சொல்ல வேண்டும், அவர் கேட்கும் வரை காத்திருக்கக் கூடாது.

உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. கை கழுவும் பழக்கம் உள்ள குழந்தை நத்தையைப் பார்த்து மகிழ்வதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. குட்டி ஆமை ஒன்றைக் கொண்டுவந்திருந்தால் என் பதில் இன்னும் கண்டிப்பாக இருந்திருக்கும்: ஆமைகளின் உடலில் சால்மொனெல்லா என்ற பாக்டீரியா அவற்றுக்கு எந்த நோயும் இல்லாதபோதே குடியிருக்கும். பிள்ளைகள் குட்டி ஆமைகளை வாயில் வைத்து நோயுற்ற காரணத்தாலேயே, நான்கு அங்குலத்துக்குக் குறைவான ஓடுள்ள ஆமைகளை விற்பதை அமெரிக்கா 1975-ல் தடைசெய்தது.


பதில்
எழுதியவர்: ஈரமண்

மாறுபட்ட கருத்தைச் சொல்ல அனுமதியுங்கள். இன்றைக்கே திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடுங்கள்.

அது பள்ளிச் சுவரோரத்தில் தன் போக்கில் வாழ்ந்துகொண்டிருந்த உயிர். நம் பிள்ளையின் மகிழ்ச்சி நமக்குப் பெரிது என்பதற்காக, அதை ஒரு பெட்டிக்குள் அடைத்து, "பாடம்" என்று பெயர் வைத்துக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. பிரிட்டனில் ஒரு தோட்டக்காரப் பெண்மணி, தாம் எடுத்துத் தொலைவில் விட்ட நத்தைகள் மீண்டும் மீண்டும் தம் தோட்டத்துக்கே வருவதாக ஐயுற்று, அவற்றின் ஓட்டில் அடையாளமிட்டுச் சோதிக்கத் தொடங்கினார். 2010-ல் அறிவியலாளர் ஒருவரின் துணையோடு நடந்த அந்த ஆய்வில், பத்து மீட்டர் அளவு தொலைவிலிருந்து நத்தைகள் தாம் வாழ்ந்த இடத்தைத் தேடித் திரும்புவது தெரியவந்தது. நொடிக்கு ஒரு மில்லிமீட்டர் அளவே நகரும் உயிருக்கு அது எவ்வளவு பெரிய பயணம் என்று எண்ணிப் பாருங்கள். அதற்கும் ஓர் இடம் இருக்கிறது. அந்த இடத்தை அது நாடுகிறது.

குழந்தையின் இரக்கத்தை நான் மதிக்கிறேன். மிதிபடாமல் காக்க நினைத்தாள், காப்பாற்றிவிட்டாள். காத்ததை அதன் இடத்தில் சேர்ப்பதும் அந்த இரக்கத்தின் மீதிப் பாதிதான் என்று சொல்லிக்கொடுத்தால், ஆறு வயதுக் குழந்தைக்கு அது நன்றாகவே புரியும். எப்போதும் நாம் நினைப்பதைவிட அவர்களுக்கு அதிகம் புரிகிறது.


பதில்
எழுதியவர்: தூக்கணாங்கூடு

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மகனுக்கு அப்போது ஏழு வயது. அவன் கொண்டுவந்தது ஒரே ஒரு நத்தை. ஒன்றுதானே, பெருகாது என்று எண்ணி நாங்கள் வைத்துக்கொண்டோம். இரண்டு மாதங்களுக்குப் பிறகு ஒருநாள் காலை, பெட்டியின் சுவர் முழுவதும் கடுகளவு புள்ளிகள் நகர்ந்துகொண்டிருந்தன. எண்ணத் தொடங்கி அறுபதுக்குமேல் நிறுத்திவிட்டோம்.

நிலத்தில் வாழும் நத்தைகளில் மிகப் பெரும்பாலானவை இருபாலுயிரிகள் என்பதும், ஒருமுறை இணைசேர்ந்த நத்தை அந்த விந்தணுக்களை மாதக்கணக்கில் உடலில் சேமித்துவைத்து, பிறகு தனியாக இருக்கும்போதும் முட்டையிடும் என்பதும் அதற்குப் பின்னர்தான் எங்களுக்குத் தெரிந்தது. தோட்டத்துச் சாதாரண நத்தையே ஒரே தடவையில் ஏறத்தாழ 80 முட்டைகளை மண்ணுக்குள் புதைக்கும். ஆகவே "ஒரு நத்தை" என்று எதுவும் இல்லை. உங்கள் பெட்டியில் ஒரு குடும்பம் இருக்கக்கூடும் என்று எண்ணியே முடிவெடுங்கள்.

முதல் பதிலில் ஓட்டின் வடிவத்தைக் கேட்டதன் காரணத்தையும் நான் ஊகிக்கிறேன். ஆப்பிரிக்க ராட்சத நத்தையாக இருந்தால், பார்த்து மகிழ்ந்துவிட்டு வெளியே விடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றது அது. 1966-ல் ஒரு சிறுவன், ஹவாயிலிருந்து மூன்று ராட்சத நத்தைகளை அமெரிக்காவின் மயாமி நகரில் இருந்த தன் வீட்டுக்கு எடுத்து வந்தான். பின்னர் அவனுடைய பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டுவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. 18,000-க்கும் மேற்பட்ட நத்தைகளையும் எண்ணற்ற முட்டைகளையும் தேடித்தேடி அகற்றிய பிறகு, ஏறத்தாழ 10 லட்சம் டாலர் செலவில், 1975-ல்தான் அவை ஒழிக்கப்பட்டதாகச் சொல்ல முடிந்தது. அந்தச் சிறுவன் செய்ததற்கும் உங்கள் மகளும் என் மகனும் செய்ததற்கும் எந்த வேறுபாடும் இல்லை. குழந்தைகள் மூவரும் ஓர் உயிரை விரும்பினார்கள். அது எங்கிருந்து வந்தது, எங்கே போய்ச் சேரலாம் என்பதைப் பார்க்க வேண்டியவர்கள் பெரியவர்கள்.

இதனால்தான் இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். "பொறுப்பைக் கற்றுக்கொள்வாள், அவளே பார்த்துக்கொள்ளட்டும்" என்று இந்த வயதில் விட்டுவிடாதீர்கள். என் மகன் முதல் பத்து நாட்கள் தண்ணீர் தெளித்தான். அதன் பிறகு நான் தெளித்தேன். அவனைக் கடிந்துகொண்டபோது நத்தையின்மேல் அவனுக்கு இருந்த அன்பில் குற்ற உணர்வு கலந்துவிட்டது. அதை நினைத்து இன்றும் வருந்துகிறேன். வளர்ப்பவர் நீங்கள், உதவி செய்பவள் அவள். அப்படி வைத்துக்கொண்டால் இருவருக்கும் நல்லது.


கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: மழைமுகில்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. உடனே எழுத இயலவில்லை, மன்னிக்கவும்.

ஓடு உருண்டையானது, குறுக்களவு மூன்று சென்டிமீட்டர்கூட இராது. இளம்பழுப்பில் அடர்ந்த வரிகள் உண்டு. வேளாண் அலுவலகம் ஒன்றுக்குப் படம் அனுப்பிக் கேட்டேன். இப்பகுதிக்கே உரிய சாதாரண நத்தைதான், எடுத்த இடத்தில் விடலாம் என்று உறுதிசெய்தார்கள். ஈரமண் அவர்களின் பதிலைப் படித்தபோது அன்றே விட்டுவிடத்தான் நினைத்தேன். ஆனால் அன்று முதல் பள்ளிக்குத் தொடர்ந்து மூன்று நாட்கள் விடுமுறை. உள்ளே செல்ல வழியில்லை. ஆகவே பெட்டி, மண், மரப்பட்டை எல்லாம் ஆயத்தமாயின. விருந்தாளி என்ற சொல்லை மகள் உடனே ஏற்றுக்கொண்டாள். நாட்காட்டியில் அவளே சிவப்பு வட்டம் போட்டாள்.

இன்று காலை ஒரு சிக்கல். நத்தை பெட்டியின் மேல்மூலையில் ஒட்டிக்கொண்டு, ஓட்டின் வாயில் வெள்ளைத்தாள் போன்ற ஒரு படலத்தோடு அசையாமல் இருக்கிறது. தட்டினாலும் அசைவில்லை. இறந்துவிட்டது என்று மகள் அழுதுகொண்டிருக்கிறாள். நேற்று நீர் தெளிக்க மறந்தது நான்தான். என்ன செய்வது?


பதில்
எழுதியவர்: வேர்க்கால்

பயப்பட வேண்டாம், பெரும்பாலும் உயிரோடு இருக்கிறது. படலத்தைப் பிய்க்காதீர்கள், ஓட்டைப் பிடித்து இழுக்கவும் செய்யாதீர்கள். காற்று வறண்டுபோனால் நத்தை தன் பசைநீரையே உலரவைத்துக் கதவாக்கி உள்ளே உறங்கிவிடும். கோடை உறக்கம் என்பது இதுதான். மண்ணை ஈரமாக்குங்கள், பெட்டிக்குள் மென்மையாக நீர் தெளியுங்கள், ஒரு வெள்ளரித் துண்டை வைத்துவிட்டு விளக்கை அணைத்துவிடுங்கள். சில மணி நேரம் ஆகலாம். இறந்த நத்தையாக இருந்தால் கடும் துர்நாற்றம் வீசும், உடல் தளர்ந்து வெளியே தொங்கும். நீங்கள் சொல்வதில் இரண்டும் இல்லை.

காத்திருக்கும் நேரத்தில் மகளுக்கு இந்த உண்மைக் கதையைச் சொல்லுங்கள். லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில், எகிப்திலிருந்து வந்த ஒரு பாலைவன நத்தையின் ஓட்டை, உள்ளே உயிர் இல்லை என்று எண்ணி, 1846 மார்ச் மாதத்தில் ஓர் அட்டையில் பசைபோட்டு ஒட்டிவைத்தார்கள். 1850 மார்ச்சில் அந்த அட்டையில் வழுவழுப்பான தடம் இருப்பதைக் கண்டு வெதுவெதுப்பான நீரில் இட்டபோது, அது தலையை நீட்டி வெளியே வந்தது. நான்கு ஆண்டுகள் உணவும் நீரும் இன்றி அட்டையில் ஒட்டியபடியே உறங்கியிருக்கிறது. உங்கள் சுழலிக்கு ஆனது ஓர் இரவுதான்.

நீர் தெளிக்க மறந்தவர் நீங்கள்தான் என்பதை மகளிடமும் சொல்லிவிட்டீர்களா? சொல்லவில்லை என்றால் சொல்லுங்கள். தான் ஏதோ தவறு செய்ததால் அது இறந்துவிட்டது என்று பிள்ளைகள் தமக்குள்ளேயே முடிவு செய்துகொண்டு, வெளியே சொல்லாமல் வைத்திருப்பார்கள்.


கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: மழைமுகில்

நேற்றுப் பகல் இரண்டு மணியளவில் படலம் ஓரத்தில் நெகிழ்ந்தது. மூன்று மணிக்குள் ஒரு கொம்பு வெளியே வந்தது. மகள் அதற்குள் அருங்காட்சியக நத்தையின் கதையை நான்கு முறை சொல்லக் கேட்டிருந்தாள். நீர் தெளிக்க மறந்தது அம்மாதான் என்று சொன்னபோது, சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "நான் வெள்ளரிக்காயைத் தப்பா வெச்சதாலன்னு நினைச்சேன்" என்றாள். நீங்கள் எழுதியிருக்காவிட்டால் எனக்கு இது தெரியாமலே போயிருக்கும் ஐயா.

இன்று காலை பள்ளிக்கு அரை மணி நேரம் முன்னதாகச் சென்றோம். மழை தூறிக்கொண்டிருந்தது. சுவரின் அடியில், கல் ஒன்று பெயர்ந்து இடைவெளி விழுந்த இடத்தை அவளே காட்டினாள். அங்கேதான் முதலில் பார்த்தாளாம். ஈர விரலை வைத்து, அது தானாக இறங்கும் வரை பொறுமையாகக் காத்திருந்தாள். இறங்க ஆறேழு நிமிடங்கள் ஆயின. பிறகு பிள்ளைகள் நடக்கும் பக்கத்தில் சுள்ளிகளை வரிசையாக நட்டு ஒரு வேலி போட்டாள். வகுப்பு ஆசிரியையிடம் அதைப் பற்றித் தானே போய்ச் சொல்லியும் விட்டாள். கண்ணீர் வந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் கை கழுவ வேண்டும் என்று எனக்கு நினைவூட்டியதும் அவள்தான்.

ஒரே ஒரு ஐயம் மீதி இருக்கிறது. அந்தப் பெட்டியின் மண்ணில் முட்டைகள் இருக்கக்கூடுமா? மண்ணைச் செடித்தொட்டியில் கொட்டிவிடலாமா?


பதில்
எழுதியவர்: தூக்கணாங்கூடு

கொட்டிவிட வேண்டாம். முதலில் மண்ணை ஒரு வெள்ளைத்தாளின்மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பிப் பாருங்கள். முட்டை இருந்தால் சிறு முத்துக்களைப் போல வெண்மையாக, கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். நத்தைகள் பெரும்பாலும் பெட்டியின் அடிமூலைகளில் குழிதோண்டித்தான் இடும், ஆகவே அங்கே முதலில் பாருங்கள். இருந்தால், அதே மண்ணோடு எடுத்துச் சென்று சுவரோரத்தில் இரண்டு விரல் ஆழத்தில் புதைத்துவிடுங்கள். இப்பகுதிக்கே உரிய நத்தை என்று உறுதியாகிவிட்டதால் இதில் தவறில்லை. கண்ணில் எதுவும் படாவிட்டாலும், மண்ணைப் பெட்டிக்குள்ளேயே ஈரமாக வைத்து மூடி, நான்கு வாரங்கள் பொறுத்திருந்து பாருங்கள். அதற்குள் பொரிக்க வேண்டியவை பொரித்துவிடும். தாளைப் பரப்பும்போது மகளையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். இந்த வயதில் அவர்களுடைய கண்களுக்கு நம் கண்களைவிடக் கூர்மை அதிகம்.